வைதுகொண்டே ஊற்றிய தண்ணீர்

“…வஞ்சுக்கிட்டேதான் ஊத்துனேன். வேற யாரையும் இல்ல, உங்களத்தான். வாயி செபத்தச் சொல்லுது, நெஞ்சு உங்கள வையுது. ரெண்டும் ஒண்ணா நடந்துச்சு. இப்பச் சொல்லுங்க உபதேசியாரே, அப்படி ஊத்துன தண்ணி செல்லுமா, செல்லாதா?”

மாரியூருக்கு மேற்கே ஒரு கரையில், சாய்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து அவன் என்னிடம் இதைக் கேட்டான். காலை பத்து மணி இருக்கும். அவனை நான் பார்த்து எட்டு வருடம் ஆகியிருந்தது. ‘அவன்’ என்று எழுதுகிறேனே என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். என்னைவிட நாலைந்து வயது இளையவன், ஒரே கரையில் முங்கி எழுந்து வளர்ந்தவர்கள். ‘அவர்’ என்று எழுதினால் அது வேறு யாரோ மாதிரி இருக்கிறது.

கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ஞானோபதேசப் புத்தகத்தில் அந்தப் பக்கம் என் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப் போயிருந்தது. ஆனால் அவன் ஏன் என்னை வைய வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவனைக் கோபக்காரன் என்றும், என்னை நியாயம் சொல்ல வந்த பெரிய மனுசன் என்றும் நினைத்துக்கொள்வீர்கள். உள்ளது தலைகீழ்.

எங்கள் ஊர் பெரியபட்டினத்திலிருந்து கடலோரமாக மேற்கே நடந்தால் வருகிற சின்னக் கரை. முப்பது நாற்பது வீடு. எல்லாரும் வேதக்காரர்கள், எல்லாருக்கும் கடல் வேலை. சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் கோயிலுக்கு நான்தான். மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் செபமாலை சொல்லுவது எல்லாம் உபதேசியார் வேலை. நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் இல்லை. செபங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த மனப்பாடத்தைச் செபப் புத்தகத்தின் மேல் வைத்து, இது ‘அ’வாக இருக்க வேண்டும், இது ‘ரு’வாக இருக்க வேண்டும் என்று எழுத்துகளை நானே கண்டுபிடித்தேன். சாமியார் அதைக் கேள்விப்பட்டுச் சிரித்து, மணிக்கயிற்றை என் கையில் கொடுத்தார். அப்போது நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

கையில் கொடுத்த கயிறு கையில் இருந்திருந்தால் வம்பில்லை. தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் என் காது கேட்கவே சொல்லுவார்கள்: “மணிக்கயிறு அவரு கழுத்துல ஏறிக்கிருச்சுடி.” எனக்குக் கோபம் வரும். இப்போது நினைத்தால், ஊரில் என்னைச் சரியாகப் படித்தவர்கள் அந்தப் பெண்கள்தான்.

எங்கள் கரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சனிக்கிழமை பொழுது விழுந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பொழுது விழும் வரை ஒரு வள்ளமும் தண்ணீரில் இறங்கக்கூடாது. எவ்வளவு மீன் கரைக்கு வந்து துள்ளினாலும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரு சனிக்கிழமை காலையில் அவன் வலையை விரித்துவிட்டு வந்தான். மத்தியானம் கச்சான் என்கிற மேல்காற்று எழும்பிவிட்டது. போய் எடுக்க முடியவில்லை. மறுநாள் ஞாயிறு காலை காற்று கொஞ்சம் தணிந்ததும், கோயிலில் செபம் முடித்துவிட்டு நேரே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய் வலையை எடுத்து வந்துவிட்டான். வலையோடு மீனும் வந்தது.

ஊர் கூடியது.

“வலையத்தான எடுத்தேன்” என்றான். “இன்னொரு நாளு கெடந்தா பாறையில அறுத்துக்கிட்டுப் போயிரும். மீனு வேணாம்னு நான் சொன்னா மீனு கேக்குமா?”

“மீன அங்கனயே உதறிட்டு வரவேண்டியதுதானலே” என்றார் ஒரு பெரியவர்.

“செத்த மீன உதறுனா அது திரும்ப நீந்திப் போயிருமாக்கும்?”

கூட்டம் சிரித்தது. அந்தப் பெரியவரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு போயிருக்க வேண்டிய விஷயம். நான் எழுந்து புத்தகத்தைத் திறந்து, ஆண்டவருடைய நாளைப் பரிசுத்தமாக அனுசரிக்க வேண்டும் என்கிற மூன்றாம் கற்பனையைச் சத்தமாக வாசித்தேன். சிரிப்பு நின்றது. மூன்று ஞாயிறு அவன் கோயில் வாசலில் எரிகிற மெழுகுதிரியோடு முழங்கால் போட வேண்டும் என்று சொன்னதும் நான்தான்.

“திருடனுக்குப் போடுற முழங்கால எனக்குப் போடாதீங்கண்ணே” என்றான். “நானும் செபம் சொல்லிட்டுத்தான் போனேன்.”

“கோயில் வாசல்ல அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல” என்றேன் நான்.

அவன் முழங்கால் போட மறுத்தான். ஊர் விலக்கு விழுந்தது. அவன் வீட்டுக்கு நெருப்புக் கொடுக்கக்கூடாது. மணலில் ஊர் தோண்டி வைத்திருக்கிற ஊற்றில் அவர்கள் தண்ணீர் மொள்ளக்கூடாது. அவன் வள்ளத்தைத் தள்ள யாரும் தோள் கொடுக்கக்கூடாது. அப்போது அவன் மனைவிக்கு எட்டாம் மாதம். தாய் தகப்பன் இல்லாத பெண், உப்பூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். ஒரு மைல் நடந்து போய்த் தண்ணீர் சுமந்து வருவாள். வயிற்றைச் சாய்த்துக்கொண்டு அவள் கோயிலைத் தாண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு மணி அடிக்கப் போயிருக்கிறேன்.

மாதா பெருநாளுக்கு முந்தின நாள். மறுநாள் சாமியார் வருகிறார் என்று கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். அவன் ஓடி வந்து படிக்குக் கீழே நின்றான்.

“அண்ணே, பிள்ள பெறந்திருக்கு. ஆம்பளப் பிள்ள. நாள் இருக்கையிலயே பெறந்துருச்சு. மூச்சு நிக்கிது, வருது, நிக்கிது. ஞானஸ்நானம் கொடுக்கணும். ஓடியாங்கண்ணே.”

கையில் இருந்த சுண்ணாம்பு மட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். அவன் வீடு கூப்பிடு தூரம். நான் ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினேன்.

“மூணு ஞாயிறு முழங்கால் போடமாட்டேன்னவன் இப்ப என்னத்துக்கு வந்த?” என்றேன்.

அவன் நின்ற இடத்திலேயே முழங்கால் போட்டான். சிப்பியும் மணலுமான இடம், வெயிலில் காய்ந்து கிடந்தது. என் மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டி அவன் முன்னால் விழுந்துகொண்டிருந்தது.

அதோடு நான் போயிருக்கலாம். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவன் முழங்கால் போட்டதை நான் ஒருவன் மட்டும் பார்த்தால் போதாது என்று எனக்குத் தோன்றியது. ஊர் பார்க்க வேண்டும். போய் மணியை அடித்தேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள், வள்ளத்துக்கு அடைப்பு வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வந்து சேர அரைமணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவன் அந்தச் சிப்பியின் மேல் இருந்தான். என் மனதில் அப்போது என்ன இருந்தது என்று பல தடவை தேடிப் பார்த்திருக்கிறேன். பிள்ளை இல்லை. பிள்ளையின் தாய் இல்லை. ‘பாத்தீங்களா, நான் சொன்னது நடந்துருச்சு’ என்ற ஒரு சந்தோஷம் இருந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் இருந்தது.

“தப்புத்தான், தப்புத்தான், தப்புத்தான்” என்று அவன் ஊருக்கு முன்னால் சொன்னான். ஊரைப் பார்க்கவில்லை, என்னை மட்டுமே பார்த்துச் சொன்னான். முன்பு சிரித்த அதே பெரியவர் என் மேல் சத்தம் போட்டார்: “போதும்ங்க உபதேசியாரே! பிள்ள கெடக்கு அங்கன!” அப்புறமும் நான் உள்ளே போய் வெள்ளைத் துணியும் கிண்ணியும் புத்தகமும் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். அந்த மூன்றில் ஒன்றுகூடத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவன் முன்னால் ஓடினான். நான் போய்ச் சேர்ந்தபோது மருத்துவச்சி வாசலில் நின்றாள். ஊர் விலக்குக்குப் பயந்து எங்கள் பெண்கள் யாரும் பிரசவத்துக்குப் போகவில்லை. அவன் பெரியபட்டினத்துக்கு நடந்து போய் அந்த முஸ்லிம் அம்மாவை அழைத்து வந்திருக்கிறான்.

“எங்க வாரீக?” என்றாள் அவள். “புள்ள மவுத்தாப் போச்சு.”

நான் கிண்ணியும் கையுமாக நின்றேன்.

“தலைய நீட்டையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, தங்காதுன்னு. தண்ணி ஊத்துற சடங்கு ஒண்ணு உங்கள்ல இருக்குல்ல, நான் ஊத்தட்டுமா வாப்பான்னு கேட்டேன். ‘ஆகாதும்மா, உபதேசியாருதான் ஊத்தணும்’னுட்டு ஓடுனான். கொஞ்சத்துல உங்க மணிச் சத்தம் கேட்டுச்சு. ‘எம்பிள்ளைக்கா அடிக்காக?’ன்னு கேட்டா உள்ள கெடக்கிறவ. ஆமாம்மான்னேன். பொய் சொல்லிப்புட்டேன். அல்லா மன்னிக்கட்டும்.”

இங்கேதான் நான் ஒரு காரியம் சொல்ல வேண்டும். ‘ஆகாது’ என்று அவன் சொன்னானே, அது தப்பு. ஆகும். பிள்ளை சாகக் கிடக்கும்போது யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தகப்பன் கொடுக்கலாம், தாய் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற நினைப்போடு ஊற்றினால் அந்த மருத்துவச்சி அம்மா ஊற்றினாலும் செல்லும். தலையில் தண்ணீர் ஓட வேண்டும், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஞானோபதேசப் புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. ஊருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது உபதேசியாரின் வேலை. அந்த ஆறு வருடத்தில் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மறந்துபோய் அல்ல. எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் அப்புறம் ராத்திரியும் பகலும் என்னைத் தேடி யார் வருவார்கள்?

பிள்ளையை ஓலைப்பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்தார்கள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குச் சாமியார் செபித்து மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. அதற்கு மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, நடுவில் ஏதோ ஓர் இடம் என்றுதான் அந்தக் காலத்தில் நாங்கள் படித்திருந்தோம். நானே பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஓர் ஊர்ப்பெயரைச் சொல்லுகிற மாதிரி, தடுமாறாமல். அவன் பெட்டியைத் தானே சுமந்து கோயிலைக் கடந்து போனான். என் பக்கம் திரும்பவில்லை. பாதி வெள்ளையடித்த சுவர் அப்படியே கிடந்தது.

மறுநாள் பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் அவர் கேட்டு முடித்தார்.

“உம்ம புத்தகத்துல அந்தப் பக்கம் இருக்கா, இல்ல கிழிச்சுப்புட்டீரா?” என்றார்.

“இருக்கு சாமி.”

“அப்ப ரெண்டு காரியம் செய்யணும். இந்த ஊருல வாய் பேசத் தெரிஞ்ச அத்தனை பேருக்கும் அதைச் சொல்லிக்கொடும். ரெண்டாவது, அந்த வீட்டுக்குப் போம்.”

“சாமி, அந்தப் பிள்ள…?”

“சடங்கு நமக்குக் கொடுத்தது. அதுக்கு நாமதான் கட்டுப்பட்டவங்க. ஆண்டவரு கட்டுப்பட்டவரு இல்ல. பிள்ளைய அவரு கையில விடும்.” அப்புறம் பாவமன்னிப்புக் கொடுத்தார். லத்தீனில் அவர் சொன்னது எனக்குப் புரியாது. கை உயர்ந்து இறங்கியதை மட்டும் பார்த்தேன். அந்தக் கை எனக்காக இறங்கியது என்பதை நம்ப எனக்கு வருடக்கணக்கானது.

முதல் காரியத்தைச் செய்தேன். விலக்கை அன்றைக்கே ஊர் எடுத்துவிட்டது. ஆனால் பத்து நாளைக்குள் அவர்கள் வள்ளத்தில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மாரியூர்ப் பக்கம் போய்விட்டார்கள். விலக்கு இல்லாததால் வள்ளத்தைத் தள்ள ஊரே வந்தது. அவன் யாரையும் தொடவிடவில்லை. அவனும் பச்சை உடம்புக்காரியான அவளும் மட்டும் தள்ளினார்கள். நான் கோயிலுக்குள் நின்று சன்னல் வழியாகப் பார்த்தேன்.

இரண்டாவது காரியத்தை நான் செய்யவில்லை. சாமியார் ஒவ்வொரு மாதமும் “போனீரா?” என்பார். “போறேன் சாமி” என்பேன். காற்று சரியில்லை, கோயில் வேலை, கால் வலி என்று ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. பிறகு அவர் மாறிப்போனார். புதிதாக வந்தவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் அதிகமாக வெட்கப்படுகிறேன்.

சொல்லிக்கொடுத்தது மட்டும் நடந்தது. ஞாயிறு செபம் முடிந்ததும் யாரையும் போகவிடமாட்டேன். உரித்த தேங்காய் ஒன்றைப் பிள்ளைத்தலையாகப் பிடித்துக்கொள்வேன். குடுமி இருந்த பக்கம் நெற்றி. சிரட்டையில் தண்ணீர் மொண்டு, “பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்” என்று மூன்று தரம் ஊற்றிக் காட்டி, ஒவ்வொருவராகச் செய்ய வைப்பேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

“முடிஞ்சதும் இதக் கல்லறையில வைக்கவா, கொழம்புல போடவா உபதேசியாரே?”

“கடத்தண்ணி ஆகுமா?” என்பாள் ஒருத்தி. ஆகும் என்பேன். “பதநி?” ஆகாது. “நொங்குத் தண்ணி?” அதுவும் ஆகாது. “அப்ப எம்புருசன் குடிக்கிறது எதுவும் ஆகாது!” என்று இன்னொருத்தி எடுத்துக்கொடுப்பாள். சுற்று வட்டாரத்தில் என் பெயரே ‘தேங்காய் உபதேசியார்’ என்று ஆகிவிட்டது. முன்பென்றால் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது அந்தப் பெயர் எனக்குச் சரியாகத்தான் பட்டது. சிரிக்கட்டும், ஆனால் மறக்கக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

அப்படி எட்டு வருடம். ஒரு ஞாயிறு பூசை முடிந்து புதுச் சாமியார் காபி குடித்துக்கொண்டே சொன்னார்: “உம்ம தேங்காய்ப் பாடம் எம்புட்டுத் தூரம் போயிருக்குத் தெரியுமா? மாரியூர்ப் பக்கம் ஒருத்தர் நடுக்கடல்ல ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்காரு. விசாரிச்சேன், வார்த்தை ஒண்ணு பிசகல. உங்க ஊருலருந்து அங்க வாக்கப்பட்டு வந்த பொண்ணு ஒருத்தி தேங்காயை வச்சுச் சொல்லிக்கொடுத்தாளாம். அவரும் முன்னால உங்க ஊராமே? உம்மப் பாக்கணும்னாரு. எங்கிட்டக் கேக்க முடியாத விசயம் ஏதோ இருக்காம்.”

நானாகப் போகவில்லை. கூப்பிட்ட பிறகு போனேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

சாயல்குடி வரை பஸ், அதற்கப்புறம் நடை. அவள்தான் முதலில் என்னைப் பார்த்தாள். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, யார் என்று தெரிந்ததும் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள் போய்த் தட்டியைச் சாத்திக்கொண்டாள். நான் அங்கே இருந்த நேரம் முழுதும் அந்தத் தட்டி திறக்கவே இல்லை. அதற்குப் பிறகும் எனக்குத் திறந்ததில்லை. பிறகு பிறந்த இரண்டு பெண்பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.

அவன் வள்ளத்தடியில் இருந்தான். “உக்காருங்க” என்றான். அண்ணே என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஏழு மாதத்தில் பிள்ளை பிறந்திருக்கிறது. தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பாதி வழியில் பிள்ளைக்கு மூச்சு நின்று நின்று வந்திருக்கிறது.

“அதே மாதிரி” என்றான். “நிக்கிது, வருது, நிக்கிது. நான் துடுப்பக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, தண்ணி எறைக்கிற சிரட்டைய எடுத்துக் கடத்தண்ணிய மொண்டேன். ‘பிதாவுடையவும்’னு ஆரம்பிக்கையில உங்க மூஞ்சி வந்து முன்னால நின்னுச்சு. சுண்ணாம்பு மட்டையும் கையுமா. எம்பிள்ளைக்கு ஊத்தாத தண்ணிய இங்கன ஊத்துறேனேன்னு எனக்கு ஆத்தமாட்டாமப் போச்சு. வஞ்சுக்கிட்டேதான் ஊத்துனேன்.”

மற்றதைத்தான் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன். அந்தப் பிள்ளை கரை சேருமுன் இறந்துவிட்டது. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை என்று வேலிக்கு உள்ளே, மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்திருக்கிறார்கள். “அந்தப் பிள்ளையப் பெத்தவ என்னப் பாக்கும்போதெல்லாம் கும்பிடுறா. ‘உங்களாலதான் எம்பிள்ள மோட்சத்துல இருக்கு’ங்கிறா. எனக்கு அவ மூஞ்சியப் பாக்க முடியல. சாமியாருகிட்டக் கேட்டா யார வஞ்சேன்னு கேப்பாரு. உங்களச் சொல்லணும். சொல்ல வேணாம்னு பட்டுச்சு. அதான் உங்களையே வரச்சொன்னேன். செல்லுமா, செல்லாதா?”

எட்டு வருடமாக நான் செய்ததை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“செல்லும்” என்றேன். “ஊத்துறவன் மனசு எப்படிக் கெடந்தாலும் செல்லும். நல்லவன் ஊத்துனாலும் செல்லும், பாவி ஊத்துனாலும் செல்லும். கை மட்டுந்தான் நம்மது. கொடுக்கிறது ஆண்டவரு. அந்தப் பிள்ள மோட்சத்துலதான் இருக்கு. அந்தத் தாய்கிட்டத் தைரியமாப் பேசு.”

அவன் நீளமாக மூச்சு விட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“அப்ப அன்னைக்கு நீங்க அந்த அகந்தையோடயே வந்து, என்னத் திட்டிக்கிட்டே ஊத்தியிருந்தாலும் செல்லியிருக்கும்?”

“செல்லியிருக்கும்.”

“நான் ஊத்தியிருந்தாலும்?”

“செல்லியிருக்கும்.”

“அந்த மருத்துவச்சியம்மா?”

நான் தலையை ஆட்டினேன். அத்தனை எளிதாகக் கிடைத்திருக்க வேண்டியது. நான் திருந்தக்கூட வேண்டியதில்லை, வந்திருந்தால் போதும்.

“எம்பிள்ள எங்கன இருக்கு?” என்றான்.

“தெரியாது” என்றேன். “புத்தகத்துல ஒண்ணு போட்டிருக்கு. பழைய சாமியாரு ஆண்டவரு கையில இருக்குன்னாரு. நான் அதத்தான் நம்புறேன். ஆனா எனக்குத் தெரியாது.”

“இப்படி ஒரு தெரியாதுங்கிற வார்த்தைய அன்னைக்கெல்லாம் உங்க வாயில நான் கேட்டதே இல்ல” என்றான்.

நான் வள்ளத்தடியிலிருந்து வெயிலுக்கு நகர்ந்து முழங்கால் போடப் போனேன். அவன் என் தோளைப் பிடித்து அமுக்கிவிட்டான்.

“உக்காருங்க. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நான் போட்ட முழங்கால் போதும்.”

எனக்குப் பேசத் தெரிந்த ஒரே விஷயத்தைக் கேட்டேன். “எப்படி ஊத்துன? தண்ணி தோலுல பட்டு ஓடணும். பிள்ளைக்கு முடி இருந்துச்சா?”

அவன் முகம் மறுபடி இறுகியது. “இருந்துச்சு. நல்ல அடர்த்தி. நான் நெத்தியோரமாத்தான் ஊத்துனதா ஞாபகம்.”

“செஞ்சு காட்டு, பாப்போம்.”

அவன் எழுந்து வள்ளத்துக்குள் கையை விட்டு, ஓரம் தேய்ந்து கறுத்த ஒரு சிரட்டையை எடுத்தான். அந்தச் சிரட்டைதான் என்றான். கடலுக்கு இறங்கி மொண்டுகொண்டு, வழியில் சிந்தாமல் மெல்ல நடந்து வந்து என் முன்னால் நின்றான். சுற்றிலும் பார்த்தான்.

“தேங்காய்க்கு எங்க போறது இப்ப? உங்க மண்டைதான் இருக்கு. குனிங்கண்ணே” என்றான்.

குனிந்தேன். என் நெற்றி முடியை இடதுகையால் பின்னால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம், அவசரப்படாமல் ஊற்றினான்.